சுழி பார்த்து வாங்கிய கார்

எங்கள் வீட்டில் ஒரு கார் வாங்க எட்டு மாதம் பிடித்தது. என் மகளைப் பெற்றெடுக்க அதைவிட ஒரு மாதம்தான் கூடப் பிடித்தது. அதற்கு யாரும் இவ்வளவு பேச்சுப் பேசவில்லை, நோட்டுப் போட்டு எழுதவும் இல்லை.

எனக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. நான் ஒரு கணக்கு டீச்சர். வீடு கோவில்பட்டியில், பள்ளிக்கூடம் ஓட்டப்பிடாரம் தாண்டி ஒரு கிராமத்தில். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம் அது. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓட்டப்பிடாரத்தில் மினி பஸ் கிடைக்கும். அதை விட்டால் பொட்டல் வெயிலில் நாலு கிலோமீட்டர் நடை. சாயங்காலம் அதே கூத்து தலைகீழாக நடக்கும். வீடு வந்து சேர ஏழரை மணி ஆகிவிடும். மகளுக்கு அப்போது இரண்டு வயதுதான். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வருவதற்குள் அத்தை, அதாவது என் மாமியார், சோறூட்டித் தூங்க வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழித்த கண்ணோடு பார்த்துக்கொள்வோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னுடைய செப்புச் சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் காட்டி முடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "நீங்க எப்பப் போவீங்க?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற குரல். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோடை விடுமுறை வந்ததும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். காரில் போனால் பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம். ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டில் இருக்கலாம். ஒரு நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம் பிள்ளை எனக்கு மிச்சம். என் கணக்கு அவ்வளவுதான். இருப்பதிலேயே சின்னதாக, இருப்பதிலேயே விலை குறைவாக ஒரு கார் வாங்கிவிடலாம் என்று ஜூன் மாதம் வீட்டில் சொன்னேன். லோன் என் சம்பளத்தில்தான் கிடைக்கும் என்பதால் நான் சொன்னால் எடுபடும் என்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசில் கிளார்க். கார் என்ற சொல் காதில் விழுந்த அன்றே தெற்கு பஜாரில் அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தார். சின்னக் கார், உயரக் கார், பெரிய கார் என்று மூன்று பெயர்களை இடது பக்கம் எழுதினார். மேலே கட்டம் கட்டி, இன்ஜின் எத்தனை சிசி, எத்தனை குதிரை சக்தி, நீளம், அகலம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், விலை என்று தலைப்புப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கூட்டிப் பார்த்தால் நான் சொன்ன சின்னக் கார்தான் முதலில் வந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பொறு, இன்னும் முடியலை," என்று சொல்லிவிட்டு, 'லாரியை முந்துதல்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதில் பெரிய காருக்குப் பத்து, சின்னக் காருக்கு இரண்டு.

"நான் எதுக்குங்க லாரியை முந்தணும்? லாரி பாட்டுக்குப் போகட்டும்."

"ஏட்டி, ஏசியைப் போட்டுட்டு நாலு பேர் உக்காந்தா அந்தச் சின்ன வண்டி மூச்சு வாங்கும். இன்ஜினுன்னு ஒண்ணு வேணுமில்லா?"

நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒருத்திதானே பள்ளிக்கூடம் போகிறேன்? இருபது வருடமாகச் சைக்கிள் மட்டுமே மிதித்த மனுஷன் அவர். அவருக்கு லாரி மேல் என்ன பகையோ. அவர் நினைத்தது ஜெயிக்காத போதெல்லாம் ஒரு கட்டம் கூடியது. ஆடி மாதம் முடிவதற்குள் பதினாறு கட்டம் ஆகிவிட்டது. மார்க் போடுகிறது என் தொழில். பிடித்த பையன் பாஸாகும் வரை கேள்வித்தாளை மாற்றிக்கொண்டே இருக்கிற வாத்தியாரை என் வீட்டில்தான் முதலில் பார்த்தேன்.

இது ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் மாமா. என் மாமனார். ஆடு மாடு வாங்கி விற்பதுதான் அவருக்குப் பூர்வீகத் தொழில். கொஞ்ச காலமாகத்தான் பத்து ஏக்கர் கரிசலில் உளுந்தும் மிளகாயும் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை வைத்த மாடு சோடை போகாது என்று சந்தையில் பேர். அந்தப் பேர் அவருக்கும் தெரியும், அதுதான் வினை. கார் வாங்குவதும் அவர் சொல்படிதான் நடக்க வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார்.

"நோட்டுல எழுதுனா மாடு பால் கறக்குமாலே? நேர்ல நிறுத்திப் பாக்கணும்," என்றார் மகனிடம்.

கார் நேரில் இல்லாததால் கயிற்றைக் கொண்டுவந்தார். மகனுடைய நோட்டைப் பார்த்து, பெரிய காரின் நீள அகலத்துக்குக் கயிற்றை அளந்து, நாலு மூலைக்கு முடிச்சுப் போட்டார். எங்கள் தெரு குறுகல். தெரு முக்கில் ஒரு கரண்டுக் கம்பம் வேறு. கார் திரும்புமா திரும்பாதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். முன்னால் இடது மூலையை மாமா பிடித்தார், வலது மூலையை என்னிடம் கொடுத்தார். பின்னால் இடது மூலையில் அத்தை, வலது மூலையில் என் வீட்டுக்காரர். பிள்ளையை அத்தை இடுப்பில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் நாலு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காராகத் தெருவில் நடந்தோம்.

"விறைப்பாப் பிடிங்க, தொங்க விட்டா அளவு குறஞ்சிரும்," என்று மாமா சத்தம் போட்டார்.

முக்கில் திரும்பும்போது அத்தை கம்பத்தில் இடித்துக்கொண்டார்.

"பின்சக்கரம் இடிக்கு," என்றார் மாமா.

"நான் ஒண்ணும் சக்கரம் இல்ல!" என்று அத்தை கத்தினார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "மனுசி இடிச்சா மனுசின்னு சொல்லுங்க," என்றார்.

மாமா கேட்கவில்லை. எல்லோரையும் பின்னாலேயே நடந்து வரச் சொன்னார். ரிவர்ஸாம். பின்னால் வந்த நாங்கள் தண்ணீர் வண்டிக்காரர் மேல் போய் மோதினோம். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்ன டீச்சர், எதுவும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். மானம் கப்பலேறிவிட்டது. ஒரே ஒரு நல்லது நடந்தது. பெரிய கார் தெருவுக்குள் வராது என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மனுசனுக்கு முழங்கை இருக்கு, காருக்குக் கிடையாதே, அதனால திரும்பும்" என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. பெரிய காரின் வரிசையை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு உயரக் காரின் பக்கம் சாய்ந்தார்.

உயரக் காரும் கிட்டத்தட்ட சின்னக் கார் நீளம்தான். ஆனால் உள்ளே நின்றுகொண்டே போகலாம் போல உயரம், இன்ஜினும் பெரிது. என் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டாது. இதைச் சொன்னால் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஏனென்றால் யார் ஓட்டப் போகிறார்கள் என்பதில் அவர்களுக்குள் வேறு முடிவு இருந்தது. டிரைவர் போடுவார்களாம். டிரைவர் காலை எட்டரைக்கு வருவானாம். என்னுடைய லைசென்சைத் தையல் கிளாஸ் சர்டிபிகேட்டுக்குக் கீழே பீரோவில் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

"எட்டரைக்கு டிரைவர் வந்தா நான் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவேன்? அதுக்கு நான் ஆறு மணி பஸ்லயே போயிட்டுப் போறேன். காரை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க," என்றேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே பேசிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நிற்காது, அது ஒரு குறை.

ஐப்பசியில் நல்ல மழை. திருநெல்வேலி ஷோரூமிலிருந்து ஒரு பையன் உயரக் காரை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தான். கழுத்தில் டை, கையில் பளபளவென்று அட்டை. இன்ஜினைப் பற்றி ஒப்பித்தான். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். மாமா அந்தப் பையனுக்கு ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டு, "தம்பி, ரோட்டுல எல்லா மாடும்தான் ஓடும். நம்ம காட்டுக்கு ஒரு நடை விடுங்க பாப்போம்," என்றார்.

காடு என்றால் எங்கள் ஊரில் வயல்காடு. மழை பெய்த கரிசலில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. பையன் மதுரைப் பக்கத்துப் பிள்ளை போல, அவனுக்கு அது தெரியவில்லை. முன்னால் மாமா, பின்னால் நானும் என் வீட்டுக்காரரும். வண்டிப் பாதையில் ஐம்பதடி போனதும் கார் மெதுவாக உட்கார்ந்தது. பையன் இன்ஜினை உறும விட்டான். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர், "பிக்கப் பாத்தியா, என்ன சத்தம்!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் சேறு உள்ளே வந்தது.

பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு ஜோடி மாட்டைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். கார் சத்தம் போடாமல் வெளியே வந்தது. மாமா சேற்றோடு நடந்து போய்ப் பையன் முன்னால் நின்றார்.

"எத்தனை குதிரைன்னு சொன்னீங்க தம்பி?"

"அறுபத்தி ரெண்டு சார்."

"அறுபத்தி ரெண்டு குதிரையையும் ரெண்டு மாடு இழுத்துப் போட்டுட்டு. அவ்வளவையும் வச்சுத் தீனி போட முடியாதுய்யா. கொண்டு போங்க."

உயரக் கார் அத்தோடு ஒழிந்தது. மாட்டுக்காரர் மாட்டையே எங்களுக்கு விற்றுவிட்டுப் போகலாம் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு நோட்டில் 'புதைந்த ஆழம்' என்று பதினேழாவது கட்டம் போட்டார். பாவமாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது நான் முதல் நாளே சொன்ன சின்னக் கார். இதற்கு ஐந்து மாதம். சரி, இனி முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. லோன் கையெழுத்தாவதற்குள் கார்த்திகை போய்விட்டது. மார்கழியில் வாங்கக் கூடாது, தையில்தான் வாங்க வேண்டும் என்றார் அத்தை. அதற்குள் மகள் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். புதிதாகக் கற்றுக்கொண்டு வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் அத்தை ராத்திரி எனக்குச் சொல்வார். நான் ஒன்றையும் முதல் தடவை கேட்டதில்லை.

தை பிறந்து ஒரு நல்ல நாளில் மாமா, என் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் பஸ்ஸில் திருநெல்வேலி ஷோரூமுக்குப் போனோம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். அதே டை கட்டிய பையன்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. சிவப்பு நிறத்தில் சின்னக் கார் ஒன்று வாசல் பக்கம் வெயிலில் நின்றது. பளிச்சென்று, என் அளவுக்கே செய்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், கால் மூன்று மிதிக்கும் எட்டியது. இதுதான் என்று அப்போதே மனதில் வைத்துவிட்டேன்.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் பல். மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். காருக்குக் குனிந்து டயரைப் பார்த்தார். புது டயரில் பொடிப்பொடியாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தடவிப் பார்த்து, "பால்குடி மறக்காத கன்னு," என்று திருப்திப்பட்டார். கதவை அடித்து அதன் சத்தத்தைக் கேட்டார். பின்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் சுழி பார்க்கப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மாட்டின் உடம்பில் முடி சுழித்து வளரும் இடங்களைச் சுழி என்பார்கள். எங்கே சுழி இருந்தால் வீட்டுக்கு நல்லது, எங்கே இருந்தால் குடும்பத்தைக் கவிழ்க்கும் என்று ஒரு பெரிய பாடமே உண்டு. கெட்ட சுழி உள்ள மாட்டைச் சும்மா கொடுத்தாலும் மாமா வாங்க மாட்டார். காரில் ஏது முடி, ஏது சுழி என்று நான் நிம்மதியாக நின்றேன்.

"இந்தா இருக்கு!" என்று கத்தினார்.

முன்னால் இன்ஜின் மூடியின் மேல் வெயில் பட்டு, மெல்லிய வட்ட வட்டமான கோடுகள் மின்னின. துணி போட்டுத் தேய்த்துத் தேய்த்து விழுந்த தடம். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "துடைப்பச் சுழி. வீட்டுல இருக்கதையெல்லாம் கூட்டி வாரிக்கிட்டுப் போயிரும். இந்த வண்டி வேண்டாம்."

"அப்பா, அது பாலீஷ்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ சும்மா இருலே. நான் அம்பது வருசமா சுழி பாக்குதேன்."

வேறு வண்டி காட்டுங்கள் என்றால், இந்தச் சிவப்பு வண்டி வேண்டாமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றான் பையன். மூன்று மாதம்! பையன் பதறிப்போய் மஞ்சள் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சுழி கூடியது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்தார். இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். திரும்ப இரண்டு எட்டு வந்தார். பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"தாயி, நான் போற பக்கமெல்லாம் கூடவே வருது."

வெயில் எங்கே பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறதோ அந்த இடத்தைச் சுற்றித்தான் கோடுகள் வட்டமாகத் தெரியும், நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். எட்டாம் வகுப்புப் பாடம். வாயைத் திறந்து சொல்லப் போனேன், அதற்குள் மாமா ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். மகனை இடது பக்கம் நிறுத்தினார். "எங்கன தெரியுது?" என் வீட்டுக்காரர் தனக்கு நேரே காட்டினார். பையனை வலது பக்கம் நிறுத்தினார். அவன் அவனுக்கு நேரே காட்டினான். காவலுக்கு நின்ற பெரியவரையும் கூப்பிட்டார். அவரும் தனக்கு நேரேதான் காட்டினார். மாமா வாழ்நாளில் இப்படி ஒரு சுழியைப் பார்த்ததில்லை. மாட்டுச் சுழி மாட்டோடு நிற்கும். இது ஆளுக்கு ஆள் தேடி வருகிறது.

"நீ வந்து நின்னு பாரு தாயி. உனக்கு எங்கன தெரியுது?"

போய் நின்றேன். எனக்கு நேரே, பத்துப் பைசா வட்டத்தில் ஆரம்பித்துத் தோசைக்கல் அகலத்துக்குச் சுழன்று சுழன்று தெரிந்தது. மூன்று மாதத்தை நினைத்தேன். ஆறு மணி பஸ்ஸை நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே மாமா," என்றேன்.

"நல்லாப் பாரு."

"கண்ணாடி மாதிரி இருக்கு மாமா. ஒரு கோடு கூடக் கிடையாது."

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனை ஒரு முறை முறைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்களை அடக்குகிற முறைப்பு அது. வாயை மூடிக்கொண்டான். மாமா ரொம்ப நேரம் தாடையைத் தடவினார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அப்பம் தோஷம் வண்டிக்கு இல்ல, பாக்கவனுக்குத்தான். சுழி தெரியாதவளை அது ஒண்ணும் செய்யாது. இதை இவ மட்டும்தான் ஓட்டணும். நீயும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன். டிரைவரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

எட்டு மாதம் நான் தொண்டை கிழியக் கத்தி வாங்க முடியாததை ஒரு பொய்யில் வாங்கிவிட்டேன். பாவம் வருமோ என்றுகூடத் தோன்றவில்லை.

விலைக்கு வந்தோம். அச்சடித்த விலைதான், குறையாது என்றான் பையன். மாமா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துண்டை உதறி அவன் வலது கையின் மேல் போட்டார். அதற்குள் தன் கையை விட்டு அவனுடைய மூன்று விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் இப்படித்தான். வாய் திறந்து விலை சொன்னால் சுற்றி நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்று துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மூன்று விரல் என்றால் இங்கே முப்பதாயிரம் குறை என்று அர்த்தம். பையனுக்கு என்ன தெரியும்? பெரியவர் தலைசுற்றி விழப் போகிறார், அதனால்தான் பிடிக்கிறார் என்று நினைத்தான். இவரைத் தாங்குகிற மாதிரிக் கையை இறுக்கிப் பிடித்தான்.

"முடிஞ்சுது!" என்று மாமா துண்டை எடுத்தார். "கை குடுத்தாச்சு. முப்பது குறைச்சுப் பில்லைப் போடச் சொல்லுங்க. நான் காப்பி குடிச்சிட்டு வாரேன்."

அதற்கப்புறம் அங்கே நடந்ததை எழுதினால் ஒரு நோட்டு பத்தாது. கை கொடுத்துவிட்டு மாறுகிறவன் எங்கள் ஊர்ச் சந்தையில் மறுபடி கால் வைக்க முடியாது என்று மாமா நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் அழாத குறை. என் வீட்டுக்காரர் நோட்டைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். துண்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது சின்னப் பிள்ளை. வாங்க, நம்ம பேசுவோம்," என்று கையை நீட்டினார்.

துண்டு மறுபடி விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. மேனேஜர் ஒரு தடவை தலையை ஆட்டினார். மாமா ஒரு தடவை, "அநியாயம்," என்றார். பத்து நிமிஷம் ஷோரூமில் ஒரு வேலையும் நடக்கவில்லை. கடைசியில் மாமா பல் தெரியச் சிரித்துத் துண்டைத் தோளில் போட்டார். "மனுசன்!" என்றார் மேனேஜரைக் காட்டி.

பில் வந்தது. அச்சடித்த விலைதான், ஒரு பைசா குறையவில்லை. கூடவே இலவசமாக, சீட் கவர் ஒரு விரலுக்கு, கால்மிதி ஒரு விரலுக்கு, முன்னால் ஒட்டுகிற பிள்ளையார் அரை விரலுக்கு. மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். விலை அவருக்குப் பெரிதில்லை, கை மதிக்கப்பட்டதா என்பதுதான் பெரிது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. பாதி இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திங்கட்கிழமை காலை, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வேலை நாளில் ஆறரை மணி வரை தூங்கினேன். மகள் எழுந்தபோது பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. பல் தேய்த்துவிட்டேன். இட்லியைப் பிய்த்து ஊட்டினேன், மூன்று தின்றாள், நாலாவதைத் துப்பினாள். தலைசீவிவிட்டேன், வகிடு கோணலாக வந்தது. அத்தை இரண்டு தடவை குறுக்கே வந்து, "நான் பாக்குதேன், நீ கிளம்பு," என்றார். நீங்கள் உட்காருங்கள் என்றேன்.

ஏழே முக்காலுக்குக் காரில் ஏறினேன். தோஷத்துக்குப் பயந்து மாமா தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பக்கத்தில் நின்று, "கிளச்சை மெல்ல விடு, மெல்ல விடு," என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றார். மகள் காரைப் பார்த்தாள், என் தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் திருகினேன்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வீல் என்று ஒரு கத்து கத்தினாள். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, அத்தையின் இடுப்பை உதைத்து, மூக்கு ஒழுக, மூச்சு முட்ட அழுதாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னடி இது, இப்படி ஒரு நாளும் அழ மாட்டாளே, நீ போ, நீ போ, இப்பச் சரியாயிரும்," என்று அத்தை கையை அசைத்தார். ஒரு நாளும் அழ மாட்டாள்தான். அவள் கண் முன்னால் நான் ஒரு நாளும் கிளம்பிப் போனதில்லையே. பெற்ற பிள்ளை அப்படி அழும்போது ஒருத்திக்கு நெஞ்சு வெடிக்க வேண்டும். எனக்கு, நான் பாவி, சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல், கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி, அந்த அழுகையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.